ஏழு மாசம் தள்ளிப் பிறந்த இரட்டை

“தப்பும் தவறுமா எழுதிக் கொண்டாந்திருக்கியேம்மா” என்றார் தலைமையாசிரியர் ஐயாதுரை, சேர்க்கைப் படிவத்தைப் பார்த்து.

ராஜபாளையத்தில் அவரைப் போலக் கறாரான மனிதர் கிடையாது. லீவு லெட்டரில் தேதி இல்லையென்றால் காய்ச்சலையே நம்ப மாட்டார்.

எதிரே நின்றவள் செல்லக்கனி. வியாபாரிகள் சங்கம் நடத்தும் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தைப் பார்த்துக்கொள்பவள். அவள் கையைப் பிடித்தபடி வெள்ளத்தாயும் சண்முகத்தாயும். பஸ் ஸ்டாண்டில் ஒரே துண்டில் சுற்றிக் கிடந்த இரட்டைப் பெண்கள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். இன்று ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும்.

“மூத்தவ எண்பத்து நாலு ஜூன். இளையவ மறு ஜனவரி. ரெட்டைப் பிள்ளைக ஏழு மாசம் தள்ளியா பொறக்கும்? எந்த ஆஸ்பத்திரியில?”

“பொறந்த தேதி யாருக்கு சார் தெரியும்? நாங்கதான் வச்சது. சங்கத்துல ஆளுக்கு ஒரு பிள்ளைய ஏத்துக்கிட்டாவ. அது பிறந்தநாளுக்குப் பாயாசமும் புதுப் பாவாடையும் அவிய பொறுப்பு. பாத்திரக்கடைக்காரவுக வைகாசி முகூர்த்தம் முடிஞ்சாத்தான் கை ஒழியும்ங்காவ. உரக்கடைக்காரவுக பொங்கல் அறுப்புக்குப் பொறவுதான் தோதுப்படும்னுட்டாவ.”

“கடைக்காரன் வசதிக்காம்மா பிள்ளை பொறக்கும்? ரெண்டுக்கும் ஜூன்னே போடுதேன்.”

சேர்க்கை நோட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார். சண்முகத்தாயின் உதடு பிதுங்கியது. ஜனவரி அவளுடையது.

“வேண்டாம் சார். நீங்க எழுதுறதுதான் கடைசி வரைக்கும் நிக்கும். ஒரே தேதின்னா ரெண்டு பேருக்கும் ஒரே பாயாசம்னு சங்கத்துல முடிச்சிருவாவ. பாய், தட்டு, சீப்பு எல்லாமே இதுகளுக்குப் பங்குதான். ஒரு நாளாவது தனியா இருக்கட்டும் சார்.”

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஆய்வுக்கு வாரவன் கேட்டா நான் என்ன சொல்ல? இம்புட்டு வருச சர்வீசுல ஒரு பொய் எழுதினதில்ல.”

செல்லக்கனிக்கு அழுகை வந்துவிட்டது. இளையவளும் கூடச் சேர்ந்துகொண்டாள். மூத்தவளுக்கு ஜூன் பத்திரமாக இருந்தது. ஆனாலும் அவளும் அழுதாள்.

ஐயாதுரை இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். கண்ணை இடுக்கி, மூக்கு நோட்டில் உரச, ‘ஜனவரி’ என்று எழுதினார்.

“ரெட்டைன்னு எவன் சொன்னது? எனக்குச் சாடையே தெரியலையேம்மா.”