புதுப் பெரட்டுக் களம்

“நாளையிலேருந்து பழைய எடத்திலயே பெரட்டு வைக்கச் சொல்லுங்க, ஐயா!”

இஞ்சினியர் மயில்வாகனத்தின் மேசைக்கு முன்னால் நின்று பூரணி கேட்டேவிட்டாள். ‘பெரட்டப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராத, பேர வெட்டி வேலைய விட்டுத் தொரத்திருவாங்க’ என்று புருசன் மூக்கன் தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தான்.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு, இந்த வாரம்தான் சேற்றுக் களத்திலிருந்து சரளை போட்ட ரோட்டுக்கு மாறியிருந்தது. கால் நனையவில்லையே என்று லயத்து வீடுகளெல்லாம் தோட்டத்துத் துரையை வாழ்த்தின. பூரணி மட்டும் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ரோட்டுக்கடியில்தான், தேயிலை அரைக்கும் ஸ்டோரின் யந்திரத்தைச் சுழற்றத் தண்ணீர் கொண்டுவரும் புதுக் குழாயைப் புதைத்திருந்தார்கள்.

“நிக்கிறப்ப மண்ணு அமுங்குதுங்க. எம் பொண்ணு ரத்னாவும் அதுலதான் நிக்குது. அம்புட்டு எடம் கெடந்தும் சிவசாமி கங்காணி, ‘ஒட்டி நில்லுங்கடி, ஒட்டுனா தேஞ்சா போயிருவீங்க’ன்னு தள்ளித் தள்ளி நெருக்குறாரு.”

மயில்வாகனம் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு வட்டம் போட்டார்.

“இஞ்ச பார், பிள்ளை. மேல கிடக்கிற மண் ஒரு பாரம். லொறி ஏறினால் இன்னொரு பாரம். தகட்டின்ர கனம் அதேதான் எண்டால், குழாயை அகலமாக்க ஆக்க நசுங்கிற பயம் கூடும். பதினெட்டு அங்குலத்துக்கு மேல வேண்டாம் எண்டு கணக்குப் போட்டுக் குடுத்தனான். துரை இருபத்திநாலு வாங்கிப் புதைச்சிட்டார்.”

“அப்ப நசுங்குமா?”

“நசுங்கும் எண்டு நான். நசுங்காது எண்டு துரை. என்ர கணக்கை விட அவற்ற வாய்க்குப் பெலன் கூட.”

“தெரிஞ்சுமா எங்கள அது மேல நிக்க விட்டீங்க? படிச்ச வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவர் பென்சில் முனையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் தேயிலைப் பெட்டிகளைத் தலையில் சுமந்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். குழாய் புதைத்த நாளிலிருந்து லொறி அதன் மேல் ஏறாமல் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

“நாளைக்கு எங்க லயத்துலேருந்து ஒரு ஆளும் அங்க வந்து நிக்க மாட்டோம்.”

“பேரை வெட்டுவினம், பிள்ளை. என்னால ஒண்டும் செய்யேலாது.”

“வெட்டட்டும். வெட்டுனா அக்கரப்பத்தனையில வேற தோட்டம் இருக்கு. பொதைஞ்சா என்னங்கய்யா இருக்கு?”

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள்.

மயில்வாகனத்தின் குரல் மட்டும் பின்னால் வந்தது.

“லொறி விழுந்தால் நட்டமாம், பிள்ளை. அதுதான் முதல்ல உங்களை ஏத்திப் பாக்கினம்.”