ஆறு நாள், ஆறு தினுசு

“இன்னைக்குப் பச்சைச் சேலை, சிவப்பு ரவிக்கை. நீலக் கரை கீழே வரணும், மறந்துறாதே!”

அடுப்படிக்குள் கருப்பாயி கிசுகிசுத்தாள். மகள் புஷ்பவள்ளி சிரித்துக்கொண்டே கொசுவத்தைச் செருகினாள்.

பெண் பார்க்க யோங் பெங்கிலிருந்து ராசம்மா தன் மகன் ஜெயபாலனோடு வந்த அன்றுதான் சிகாமட் ஆறு பெருக்கெடுத்தது. பாதையெல்லாம் தண்ணீர். ஒரு நாள் விருந்தாளிகள் பக்கத்து லயத்து வீடொன்றில் ஆறு நாள் தங்கிவிட்டார்கள். சாப்பாடு மட்டும் இங்கே.

மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் சம்பளம் பாதியான வருஷம் அது. வீட்டில் இருந்ததோ இரண்டு சேலை, மூன்று ரவிக்கை. யாரிடமாவது இரவல் வாங்கலாம் என்றான் கணவன் செல்லப்பன்.

“இரவல் சேலையில என் மகளை நிறுத்த மாட்டேன்! ரெண்டையும் மூணையும் மாத்தி மாத்திச் சேர்த்தா ஆறு தினுசு ஆச்சு. எண்ணிப் பாருங்க” என்று விரலை மடக்கிக் காட்டினாள் கருப்பாயி.

பச்சைக்கு ஒரு பக்கம் சிவப்புக் கரை, மறுபக்கம் நீலக் கரை. தலைகீழாகக் கட்டினால் அதுவே வேறு சேலை. மஞ்சளுக்கு ஒரு நாள் முன்கொசுவம், ஒரு நாள் பின்கொசுவம். இன்று பச்சை என்றால் நாளை மஞ்சள். கழற்றியதைத் துவைத்து அடுப்புச் சூட்டில் காயப்போட்டால் அடுத்த முறைக்குக் கவலை இல்லை.

கருப்பாயி மட்டும் அடுப்படியின் சாக்குத் திரையைத் தாண்டவே இல்லை. “தட்டு மாத்துற வரைக்கும் பொண்ணோட அம்மா முன்னால வரக்கூடாது. எங்க பக்கத்து வழக்கம்” என்று செல்லப்பன் வந்தவர்களிடம் சொல்லிவைத்திருந்தான். அவள் பேச்செல்லாம் திரைக்குப் பின்னாலிருந்துதான். அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை.

ஆறாம் நாள் வெள்ளம் வடிந்தது. பச்சையும் சிவப்புமாய்க் கோப்பி கொண்டுபோன மகளைத் திரையின் ஓட்டை வழியே பார்த்த கருப்பாயிக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்தத் தோட்டத்தில் எவளுக்கு வரும் இந்த மூளை!

ராசம்மா கோப்பியைக் குடித்துவிட்டு, கொண்டுவந்த தாம்பூலத் தட்டை எடுத்துத் திரும்பவும் மூட்டையில் வைத்தாள்.

“தப்பா நினைக்காதீங்கண்ணே. பொண்ணு தங்கம். ஆனா ஆறு நாளும் ஆறு சேலை கட்டுது! என் மகன் பால்மரம் வெட்டுற ஆளு. தீவாளிக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கவே முழி பிதுங்கிடும். இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிப்படாது.”

ஜெயபாலன் தலையைத் தொங்கப்போட்டான். புஷ்பவள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டதே என்று கருப்பாயி பதறினாள்.

“ஆறு இல்லைங்க, ரெண்டே சேலை!” என்று திரைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். “ரவிக்கைதான் மூணு. வள்ளி, எல்லாத்தையும் எடுத்துக் காட்டு!”

புஷ்பவள்ளி, கட்டியிருந்த பச்சையின் இரண்டு கரைகளையும் காட்டினாள். மஞ்சள் சேலையையும் மற்ற ரவிக்கைகளையும் கொண்டுவந்து வைத்தாள். ராசம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, நம்பிக்கை வரவில்லை.

“கெட்டிக்காரத்தனம்தான். ஆனா எனக்கும் எண்ணத் தெரியும். பொண்ணு மேல ஒண்ணு, இங்க ஒண்ணு, உள்ள நீங்க கட்டியிருக்கிறது ஒண்ணு. மூணாச்சே! மூணையே ரெண்டுங்கிறவங்க, முப்பது இருந்தாலும் சொல்லவா போறீங்க?”

செல்லப்பன் எழுந்து திரையை மறித்து நின்றான். “நகருங்க” என்று அவனை விலக்கிவிட்டுக் கருப்பாயி வெளியே வந்தாள்.

“வழக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை. இப்ப எண்ணிக்குங்க சம்பந்தி, ரெண்டுதான்!”

புருஷனின் கட்டம் போட்ட கைலியிலும் கிழிந்த சட்டையிலும் தலைநிமிர்ந்து நின்றவளின் கையில், ராசம்மா மூட்டையை அவிழ்த்துத் தாம்பூலத் தட்டை எடுத்து வைத்தாள்.