மஞ்சள் கட்டம்

"உங்க தேயிலைத் தோட்டத்துல, மலை வெடிச்ச அன்னைக்குப் பேஞ்சது பதினெட்டு மில்லிமீட்டர்தான்" என்றாள் றஷீதா, கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து.

அந்தோனிக்குச் சுர்ரென்று ஏறியது. பதுளை அனர்த்த நிவாரண ஆபீசுக்கு இது மூன்றாவது நடை. கொஸ்லந்தையில் விடியுமுன்னே பஸ் ஏறி, கால் கடுக்க நின்றபடி வந்து, ஒவ்வொரு முறையும் கேட்பது இந்தப் பதினெட்டைத்தான்.

"பதினெட்டு பேஞ்சா மலை வெடிக்குமா மிஸ்? எங்க லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால கைய விடுற அளவுக்குப் பொளந்து கெடக்கு. இருபத்தாறு குடும்பம் அதுக்குக் கீழதான் படுக்குது."

"வெளங்குது அண்ணே. ஆனா ஒரே நாள்ல நூத்தம்பது தாண்டின எடத்துக்குத்தான் புது வீடு. லிஸ்ட இன்னைக்கு நாலு மணிக்கு மூடுறாங்க."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால்.

கூட வந்திருந்த அவர் மனைவி நேசராணிக்கும் பொறுக்கவில்லை. "எங்க கூரையக் கேளுங்க மிஸ். மத்தியானம் புடிச்ச மழ, மறுநாள் விடிஞ்சுதான் விட்டுச்சு. புள்ளைக புஸ்தகத்த மூடலாம்னு, கொழுந்தெடுக்கையில இடுப்புல கட்டுற தார்ப்பாய்ப் படங்கத் தேடுனா, அதக் காணோம்! மறுநாள் பாத்தா கொடியில காயுது."

"மலையே சரியப் போவுது, இவளுக்குப் படங்கு!"

"நனைஞ்சது நானு. நீங்கதான் மாதா கோயில்ல போய் ஒக்காந்துக்கிட்டீங்களே."

"கோயில் சாவி யாருகிட்ட இருக்கு? எல்லாப் பொறுப்பும் என் தலையிலதானே!"

றஷீதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஜன்னல் வழியே சாரல் அடித்தது. அத்தனை கோபத்திலும் அந்தோனி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "கரண்டு சாமான் மிஸ். நனைஞ்சாப் போச்சு."

அவள் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். மாகாணம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். "எல்லாக் கட்டத்துலயும் மழை அளக்கிறதில்ல அண்ணே. சுத்தியிருக்கிற நிலையங்கள்ல அளந்தத வச்சு, நடுவுல எவ்வளவு இருக்கும்னு கம்ப்யூட்டர் கணிக்குது. கிட்ட இருக்கிற நிலையத்தோட பேச்சுக்குத்தான் மதிப்புக் கூட."

அப்புத்தளைப் பக்கம் கருநீலம். மற்றப் பக்கங்களிலும் நீலம். நடுவில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வெளிறிய மஞ்சள், எங்கோ இருக்கும் பாலைவனத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டியது போல. அந்த மஞ்சளுக்குள்தான் அவருடைய லயமும், வெடித்த மலையும், இருபத்தாறு அடுப்புகளும் இருந்தன.

"அப்புத்தளையில எவ்வளவு?"

"நூத்தித் தொண்ணூறு."

"அப்ப எங்க தலைக்கு மேல மட்டும் மேகம் குடை புடிச்சுச்சா?"

"எனக்கும் அதுதான் சந்தேகம். ஆனா உங்களுக்கு ஆகக் கிட்ட இருக்கிற மெஷின், மத்தியானத்துல இருந்து மறுநாள் காலை வரைக்கும் சைபர்னு அனுப்பியிருக்கு. மார்ச்சுல வச்ச புது மெஷின். சோதிச்சுப் பாத்தோம், ஒரு பழுதும் இல்ல. மறுநாளே ஒழுங்கா அளந்திருக்கு."

அந்தோனி மேசையில் ஓங்கித் தட்டினார். "பொய் சொல்லுது மிஸ்! எங்க நிக்குது அந்த எழவு? காட்டுங்க, நானே போய் ஒடைச்சுப் போடுறேன்!"

றஷீதா திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு படம். தோட்டத்து மாதா கோயில் முற்றம். அதில் ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில், வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி ஒரு வெள்ளை உருளை.

அந்தோனியின் கை மேசையிலிருந்து மெல்ல நழுவியது.

"இதுவா மழை அளக்குது? நட்டுட்டுப் போனவங்க சிங்களத்துல என்னென்னமோ சொன்னாங்க மிஸ். கரண்டு சாமான், பத்திரம்ங்கிறது மட்டுந்தான் எனக்கு வெளங்குச்சு. மூடி வேற இல்லாம நின்னுச்சு..."

நேசராணி படத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கு எம் படங்கு அங்கதான் இருந்துச்சா?"