இறுக்கமான ஸ்பிரிங்

ஊரிலிருந்து வந்த அம்மா நேராக ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டாள். மகன் பக்கத்தில் நிற்க, பைக்கின் முன்சக்கர ஃபோர்க்கில் மெக்கானிக் புது ஸ்பிரிங்கைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் ரேஸாடா? விழுந்து ஆறு மாசம் படுத்துக் கிடந்தது மறந்துபோச்சா?"

"பிரேக் பிடிச்சா முன்பக்கம் முங்குதும்மா. வளைவுல ஆட்டம் குடுக்குது. அதான் இறுக்கமான ஸ்பிரிங்கா..."

"மெதுவா ஓட்டினா எதுக்கு ஆடுது?"

அதற்குள் நர்ஸ் உடையில் வந்த மருமகள், மாமியாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். மெக்கானிக் வேலையை முடித்ததும் பைக்கைத் தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பிவந்து பிரேக் பிடித்தாள். வண்டி முங்காமல் நின்றது.

"இனிமே மலைப்பாதையில பயமில்லாம டூட்டிக்குப் போவேன்," என்றாள் கணவனிடம்.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப நீ?"

"நான் பின்சீட்டுதாம்மா."

அம்மா மருமகளின் தோளைத் தொட்டாள்.

"நீயே ஓட்டும்மா. இவன் கெஞ்சினாலும் சாவியைக் குடுத்துடாத."