பிரேக் பிடிக்காத ஜீப்

பிரான்ஸுக்குக் கப்பலேற இன்னும் நாலே நாள். ழானின் பழைய டீசல் ஜீப் மட்டும் விற்றபாடில்லை. யார் பார்க்க வந்தாலும், அவர் மனைவி ஆன்தோனெத் உண்மையைச் சொல்லி விரட்டிவிடுவாள்.

இன்று வந்தவர் கருக்களாச்சேரி அஞ்சப்பன். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிச் சத்தம் கேட்டார்.

"பிரேக் பிடிக்காதுங்க. சரிபண்ண ஐந்நூறு ரூபா ஆவும்" என்றாள் ஆன்தோனெத்.

ழான் முறைத்தார்.

"பரவால்லங்க" என்றார் அஞ்சப்பன்.

"கதவு மூடாது. டயர் நாலும் வழுக்கை."

"இருக்கட்டுங்க." ழான் சொன்ன விலையை அப்படியே எண்ணி நீட்டினார் அஞ்சப்பன்.

இப்போது ழானுக்கே மனசு கேட்கவில்லை. "ஒருதரம் ஓட்டியாவது பாருங்களேன்!"

"எனக்கு ரோட்டுல ஓட்டத் தெரியாதுங்க. எஞ்சினை மட்டும் கழட்டி என் படகுல மாட்டப்போறேன். கடல்ல எதுக்குங்க பிரேக்கு?"