காற்று ஆகாத செடி

டிசம்பர் கடைசி வாரத்தில், நான்காவது மாடி வீடொன்றின் பின்னறையில், தொட்டியில் நின்ற ஃபைகஸ் செடி இலை உதிர்க்கத் தொடங்கியது.

"அழுமூஞ்சி இன்னைக்கும் கொட்டிட்டாளா?" என்றாள் மகள், அறை வாசலில் நின்றபடியே.

"ஒரு கை இருக்கும்." அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிச் செய்தித்தாளில் போட்டுக்கொண்டிருந்தார். "உங்கம்மா இருந்தப்போ ஒரு இலை விழுந்தா ரெண்டு திட்டு விழும் எனக்கு. இப்ப திட்டவும் ஆளில்லை."

கிளைகளெல்லாம் தலைகவிழ்ந்து தொங்கியதால் அம்மா அதற்கு வைத்த பெயர் அழுமூஞ்சி. அம்மா இறந்த பிறகு, அப்பா வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வந்து சேர்ந்தார். பெட்டிகளை வேன்காரரிடம் விட்டவர், தொட்டியை மட்டும் வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

"தூங்குமூஞ்சி மரம் கேள்விப்பட்டிருக்கேன் மாமா. அழுமூஞ்சியை இப்பதான் பார்க்கறேன்," என்றான் மருமகன்.

"நீங்க கட்டிக்கிட்டதும் அதே ரகம்தான் மாப்பிள்ளை. கல்யாணத்தப்போ சொல்லாம விட்டுட்டேன்."

மகள் சிரிக்கவில்லை. "நர்சரிக்காரர்கிட்ட பேசிட்டேன். இடம் மாறினாலே இது கோச்சுக்குமாம். குளிர்காத்து பட்டா இன்னும் கொட்டுமாம். மண்ணு காஞ்ச பிறகுதான் தண்ணி ஊத்தணும், தொட்டியைச் சும்மா சும்மா திருப்பக் கூடாது. எல்லாத்துக்கும் முன்னாடி காத்தை அடைங்கன்னு சொன்னார்."

"செய்ம்மா. இதுவும் போச்சுன்னா அவ நிஜமாவே போயிட்டான்னு அர்த்தம்," என்றார் அப்பா. அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மகள் அகலமான டேப் வாங்கி வந்தாள். ஜன்னல் இடுக்குகளை அடைத்தாள். அப்படியும் காற்று வந்தது. தேடிப் பார்த்தால், அறையோடு சேர்ந்த குளியலறையில், கீசருக்கு மேலே இருந்த சின்ன ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகளே இல்லை. அதன் வழியாகத்தான் காற்று நுழைந்து நேராகச் செடி மேல் விழுந்தது. நாற்காலி போட்டு ஏறி, அட்டை ஒன்றை வைத்து நாலு பக்கமும் ஒட்டினாள்.

"எனக்குக் கொஞ்சம் காத்து வேணுமேம்மா."

"அவளுக்கு ஆகாதே அப்பா. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போற மாதிரி எப்படிச் செய்யறது?"

"அப்ப அவ இஷ்டப்படியே செய். எங்க வீட்ல எப்பவும் அதானே வழக்கம்."

ஜனவரியில் இலைகள் இன்னும் வேகமாக உதிர்ந்தன. பச்சை மாறாத இலைகளும் தொட்டதும் கையோடு வந்தன.

"ஒட்டினதுக்கு அப்புறம்தான் ஜாஸ்தியா கொட்டற மாதிரி இருக்கு," என்றான் மருமகன்.

"பழகற வரைக்கும் அப்படித்தானாம்."

"எனக்கும்தான் தலை பாறாங்கல் மாதிரி கனக்குது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது," என்றார் அப்பா.

மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. டாக்டரிடம் அழைத்துப் போனாள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. துணையை இழந்தவர்களுக்கு இப்படி இருக்கும், நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

"நீங்களும் அழுமூஞ்சியும் ஒண்ணு," என்றாள் மகள், திரும்பி வரும் வழியில். "புது இடம் ரெண்டு பேருக்கும் ஒத்துக்கலை."

மாதக் கடைசியில் செடியின் ஒரு பக்கம் வெறும் குச்சியாக நின்றது. ஹாலில் நல்ல வெளிச்சம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம் என்றான் மருமகன். இடம் மாற்றக் கூடாதே என்று மகள் தயங்கினாள்.

"எடுத்துட்டுப் போங்க. அவ பொழைச்சாப் போதும்," என்றார் அப்பா.

"அப்ப ஜன்னல் டேப், அட்டையெல்லாம் பிரிச்சுடவா மாமா?"

"வேணாம் மாப்பிள்ளை. உடம்பு தேறினதும் அவ இங்கதானே வரணும்?"

ஹாலுக்கு வந்ததும் செடி அடங்கியது. இலை விழுவது குறைந்து, பிறகு நின்றே போனது. அப்பா காலையும் மாலையும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வெறும் குச்சியின் நுனியில் துளிர் தெரிந்தது. மகள் பின்னறைக்கு ஓடினாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம்.

"அப்பா! அழுமூஞ்சி துளிர் விட்டுட்டா! சீக்கிரம் குளிச்சிட்டு வாங்க!"

காபி கலந்து வைத்தாள். அது ஆறி ஆடை கட்டியது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் நிற்கவேயில்லை.

கதவை உடைத்துத் திறந்த தீயணைப்பு அதிகாரி, முதலில் சுவரில் எரிந்துகொண்டிருந்த கேஸ் கீசரை அணைத்தார். அடுத்து, மேலே ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்தெடுத்தார். அப்பாவைத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தி, போர்வையால் முகத்தை மூடினார்கள்.

"கொஞ்ச நாளாத் தலைவலி, குமட்டல்னு சொல்லிட்டிருந்தாரா?" என்று கேட்டார் அதிகாரி.

மகள் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய போக வழியில்லாத இந்தக் கீசர் விஷப்புகை மனுஷன் மூக்குக்குத் தெரியாதுங்க. செடிக்குத் தெரியும், இலையெல்லாம் கொட்டிடும். இந்த ரூம்ல செடி எதுவும் வெக்கலையா?"

"இருந்துச்சு," என்றான் மருமகன். "பொழைக்கட்டும்னு வெளிய எடுத்து வெச்சுட்டோம்."