இதோ

திரையின் நட்டநடுவே அம்புக்குறி அசையாமல் நின்றது. ஜெசிந்தா கேட்ட பழைய படத்தை ஹார்ட் டிஸ்க் எடுத்துக் கொடுக்கும்வரை கம்ப்யூட்டருக்குள் யாரும் நகர முடியாது.

"கிடைச்சுதா?" என்றது அம்பு.

"இதோ," என்றது டிஸ்க், கீறல் விழுந்த அதே இடத்தை மறுபடியும் தடவிக்கொண்டு.

வெளியே ஜெசிந்தா மவுஸைத் தட்டினாள். காலையிலிருந்து அடித்த கட்டுரையை அவள் இன்னும் சேமிக்கவில்லை.

"படிக்க முடியலைன்னா சொல்லிடுப்பா! படத்தை விட்டுட்டு மத்த வேலையப் பார்க்கலாம்," என்றது அம்பு.

"எனக்கா முடியாது? இதோ!"

அவள் விரல் பவர் பட்டனுக்குப் போனது. அம்பு அலறியது:

"ஐயோ, அணைக்கப் போறா! வாயத் திறந்து சொல்லேன்!"

"இதோ, இதோ..."

அவள் பட்டனை அழுத்திப் பிடித்தாள். அம்பும் போயிற்று, கட்டுரையும் போயிற்று.

சுழற்சி அடங்கிக்கொண்டிருந்த டிஸ்க் இருட்டில் மெல்லச் சொன்னது:

"முடியலைப்பா."